பழி விரலுக்கு அன்று

விரிதாளில் வேலை செய்யும் ஒருவர் ஒரு விசையை அழுத்த, அவர் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்துவிட்டால், குற்றம் அவருடைய விரலுடையதே தவிர மென்பொருளினுடையது அன்று என்னும் அபிப்பிராயம் இன்று கணக்கு அலுவலகங்களிலும் கணினிப் பயிற்சி வகுப்புகளிலும் ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. "ஷார்ட்கட் தெரியாமல் எக்செல்லில் ஏன் கை வைத்தீர்கள்?" என்று மேலாளர் கேட்கிறார், கேட்கப்பட்டவரும் நியாயந்தானே என்று எண்ணித் தலை குனிந்துகொள்கிறார். இந்தச் சித்தாந்தம் தவறானது என்பதும், தவறானது மட்டுமன்றி அனர்த்தம் விளைவிப்பது என்பதும் என் கட்சி.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துரைத்துவிட்டே மறுக்கப் புகுவது முறை. அவர்கள் சொல்வது இது: விரிதாள் என்பது பழகியவர்களுக்கான கருவி, ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மவுஸைத் தேடுகிறவனுக்கு நாள் முடிவில் கணக்கும் முடிவதில்லை, ஆகவே எல்லா விசைகளிலும் ஒரு பயனை ஏற்றி வைத்திருப்பது சாமர்த்தியமே. இவற்றைக் கற்றுக்கொள்வது உபயோகிப்பவரின் கடமை. கை தவறினாலும், பழைய நிலைக்கு மீட்டுத்தர கண்ட்ரோல் இசட் இருக்கிறது. மேலும், கோடிக்கணக்கானோர் பல்லாண்டுகளாகப் பழகிவிட்ட விசைகளைக் கவனமில்லாத சிலருக்காக மாற்றுவது பெரும்பான்மைக்கு இழைக்கும் அநீதி.

இந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்தாயிரம் வரிசைகள் உள்ள பேரேட்டின் கடைசி வரிக்குக் கண்ட்ரோலும் அம்புக்குறியும் ஒரே நொடியில் கொண்டு சேர்க்கும்போது கிடைக்கும் சௌகரியத்தை மறுப்பவன் விரிதாளைத் தொட்டறியாதவனாகத்தான் இருக்க வேண்டும். ஷார்ட்கட்டுகள் கூடாது என்பதன்று என் ஆட்சேபம். அவை வரவேண்டாத வேளையில் ஓசையின்றி வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டுப் போகையில், அந்தப் பொறுப்பு முழுவதையும் மனிதன் மேல் சுமத்துகிற தர்க்கத்தின் மேலேயே என் ஆட்சேபம். அதை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

1. அறியாமையே காரணம் என்றால், அறிந்தவர்கள் ஏன் தவறுகிறார்கள்? எக்செல்லில் எஃப்2 விசை ஒரு கட்டத்தைத் திருத்துவதற்குத் திறக்கும். அதன் இடப்புறம் ஒட்டியிருக்கும் எஃப்1 உதவிப் பகுதியைத் திறந்து வேலையை மறிக்கும். முதலீட்டு வங்கிகளில் இரவு பகலாக எக்செல்லோடு மல்லாடும் ஆய்வாளர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆயினும், எஃப்2 தேடிப் போன விரல் எஃப்1 மேல் விழும் தொல்லையைத் தாங்கமாட்டாமல், எஃப்1 விசையின் மூடியையே நெம்பி எடுத்துவிடும் வழக்கம் அவர்களிடையே பிரசித்தம். அறிவு பிழையைத் தடுக்குமானால் இந்த அறுவைச் சிகிச்சைக்கு அவசியம் ஏது?

மனிதன் செய்யும் பிழையில் இரண்டு வகை உண்டென்பதை டொனால்டு நார்மன் 1981-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையிலும், ஜேம்ஸ் ரீசன் 1990-இல் வெளியிட்ட மனிதப் பிழை பற்றிய நூலிலும் விரித்துரைத்தார்கள். எண்ணமே தவறாக இருப்பது ஒன்று. எண்ணம் சரியாக இருந்தும் செயல் நழுவிப்போவது மற்றொன்று. முன்னது கல்லாமையின் பயன். பின்னதோ, கை பழகி, மனம் வேறிடத்தில் இருக்கவும் காரியம் தானே நடக்கும் பக்குவம் வந்த பின்னர்தான் அதிகமாக நேர்வது. ஷார்ட்கட் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது முதல் நோய்க்கான மருந்து. அதை இரண்டாம் நோய்க்குக் கொடுத்துவிட்டு, நோய் தீரவில்லை என்றதும் நோயாளியைக் கடிந்துகொள்வது எந்த வைத்திய முறையைச் சேர்ந்தது?

2. ஒரே விசைக்கு ஒரே அர்த்தம் என்ற நியதியாவது உண்டா? ஒரு நாளில் பாதி நேரம் பிரவுசரிலும் பாதி நேரம் எக்செல்லிலும் கழிக்கிற இன்றைய ஊழியரின் நிலையைப் பாருங்கள். பிரவுசரில் கண்ட்ரோலோடு கழித்தல் குறியை அழுத்தினால் எழுத்து சிறியதாகும். எக்செல்லில் ஒரு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்த நிலையில் அதே விசைகளை அழுத்தினால், ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த வரிசை நீக்கப்படும். பிரவுசரில் கண்ட்ரோல் ஆர் பக்கத்தைப் புதுப்பிக்கும். எக்செல்லில் அது இடப்பக்கக் கட்டத்தில் உள்ளதைப் பிரதி எடுத்து, நாம் நிற்கும் கட்டத்தின் மேல் எழுதிவிடும்.

இந்தக் கடைசி உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு பள்ளி அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் திறந்திருக்கிறது. பக்கத்தில் பிரவுசரில் கருவூலத்தின் பக்கம் ஒன்று நெடுநேரமாக அசையாமல் நிற்கிறது. எழுத்தர் அதைப் புதுப்பிக்க எண்ணிக் கண்ட்ரோல் ஆர் அழுத்துகிறார். ஆனால் அந்தக் கணத்தில் விசைப்பலகைக்குச் செவிசாய்த்துக்கொண்டிருப்பது எக்செல். அவர் கடைசியாக நின்றது மருத்துவப்படிப் பத்தியில், 300 என்று எழுதிய கட்டத்தில். அதற்கு இடப்புறம் வீட்டு வாடகைப்படி 4,200. இப்போது மருத்துவப்படியும் 4,200 ஆகிவிட்டது; அடியிலுள்ள மொத்தம் 3,900 ரூபாய் ஏறிவிட்டது. மணி ஒலிக்கவில்லை, நிறம் மாறவில்லை, எச்சரிக்கை எழவில்லை. பிரவுசர் பக்கம் ஏன் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை என்றே அவர் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த எழுத்தருக்கு எது தெரியாமல் போயிற்று? அவர் அழுத்திய விசை சரியானது. நினைத்த காரியமும் சரியானது. எந்த மென்பொருள் கேட்டுக்கொண்டிருந்தது என்பது ஒன்றே மாறிப்போனது.

3. மீட்கும் விசை இருக்கிறதே என்கிறார்களா? மீட்பதற்கு முதலில் இழந்தது தெரிய வேண்டும். கண்ட்ரோல் இசட் என்பது கண்ணுக்குத் தெரிந்த தவறுக்கு மட்டுமே பரிகாரம். மேற்சொன்ன எழுத்தர் எதை மீட்பார்? தெரிந்துகொண்டாலும் மீட்பு நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. எக்செல் நூறு படிகள் வரைதான் பின்னோக்கிச் செல்லும். நடுவில் ஒரு மேக்ரோ ஓடிவிட்டால் அந்த நூறும் பொதுவாக அழிந்துபோகும். ஒரு ஷீட்டையே நீக்கிவிட்டால் கண்ட்ரோல் இசட் அதைத் திருப்பித் தராது. இரண்டு கோப்புகள் ஒருசேரத் திறந்திருந்தால், ஒன்றில் நடந்ததை மீட்கப் போய் மற்றதில் செய்த நல்ல வேலையையும் கலைக்க நேரும். சேமிக்காமல் மூடிவிடலாம் என்ற பழைய தந்திரமும், ஒன்டிரைவில் வைத்த கோப்பு தானே தன்னைச் சேமித்துக்கொள்ளும் இக்காலத்தில் பலிப்பதில்லை.

இவற்றையெல்லாம் விட விபரீதமானது ஒன்று உண்டு. பிரவுசரில் எழுத்தின் அளவைப் பழையபடி ஆக்க கண்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்துவது வழக்கம்; எக்செல்லில் அதே விசைகள் நாம் நிற்கும் பத்தியை மறைத்துவிடும். தலைப்பில் சி என்ற எழுத்துக்கு அடுத்து டி இல்லாமல் இ நிற்பது ஒன்றே தடயம். மறைந்த பத்தி அச்சில் வராது. ஆனால் மொத்தத்தில் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். மறைத்ததை வெளிக்கொணர ஷிப்டையும் சேர்த்து அழுத்து என்று பட்டியல் போதிக்கிறது. அழுத்திப் பார்த்தால் பல கணினிகளில் ஒன்றும் நடக்காது. ஏனெனில், உள்ளீட்டு மொழிகளிடையே மாறுவதற்கென்று அந்தக் கூட்டு விசையை விண்டோஸ் தனக்கே எடுத்துக்கொண்டுள்ளது. தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு மொழிகளில் தட்டச்சு செய்கிறவர்கள் தங்கள் கணினியின் இந்த மொழி அமைப்பை ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். மறைக்க ஒரு விசை உண்டு, அதை மீட்கும் விசை பறிபோய்விட்டது என்ற நிலையை வைத்துக்கொண்டு, மீட்பு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று ஆறுதல் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மறைந்த வரிசை எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குப் பிரசித்தமான சாட்சி ஒன்று இருக்கிறது. 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாகி, அதன் சொத்துகளின் ஒரு பகுதியை பார்க்லேஸ் வங்கி வாங்கியபோது, எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்பது என்ற பட்டியல் எக்செல்லில் தயாராயிற்று. வேண்டாதவை நீக்கப்படவில்லை, மறைக்கப்பட்டிருந்தன. நீதிமன்றத்துக்காகக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றியபோது மறைந்த வரிசைகள் மீண்டும் வெளிப்பட்டு, வேண்டாத 179 ஒப்பந்தங்களும் பட்டியலில் ஏறிவிட்டன. திருத்தம் கோரி வங்கி நீதிமன்றத்தை அணுக வேண்டியதாயிற்று. அங்கே மறைத்தவர் வேண்டுமென்றேதான் மறைத்தார், கை தவறி அன்று. தெரிந்து மறைத்ததே இவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்றால், தெரியாமல் மறைந்தது எங்கே கொண்டு நிறுத்தும்?

4. ஒரு விசை ஒரு காரியத்தைச் செய்வது வேறு. விசைப்பலகையின் குணத்தையே மாற்றிவிடுவது வேறு அல்லவா? எஃப்8 ஒருமுறை அழுத்தப்பட்டுவிட்டால், அதன் பின் அம்புக்குறி நகர்வதற்குப் பதிலாகத் தேர்வை நீட்டிக்கொண்டே போகும். மவுஸால் வேறொரு கட்டத்தைத் தொட்டாலும் இடையிலுள்ள அனைத்தும் தேர்வாகிவிடும். அந்நிலையில் டிலீட் அழுத்தினால் ஒரு கட்டத்துக்குப் பதிலாக ஒரு பரப்பே வெறுமையாகும். ஸ்க்ரோல் லாக் நிலையிலோ, அம்புக்குறியை எத்தனை முறை அழுத்தினாலும் நாம் நிற்கும் கட்டம் அசையாது; தாள் மட்டும் நழுவும். 1981-இன் ஐபிஎம் கணினியிலிருந்து தொடர்ந்து வரும் இந்த விசை இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் இடம்பெறுவதே இல்லை. வேறொரு விசைப்பலகையை இணைத்தபோதோ, கூட்டு விசை ஒன்று தற்செயலாகப் பட்டோ அந்நிலை வந்துவிட்டால், அணைப்பதற்கு விசை இல்லாமல் திரையில் தோன்றும் விசைப்பலகையைத் தேடிப் போக வேண்டியதுதான்.

இந்த நிலைமாற்றங்களைப் பற்றிய அறிவிப்பு எங்கே இருக்கிறது? ஷீட்டின் அடியோரத்தில், சிறிய எழுத்தில். கண் இருப்பது கட்டத்தில். ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் எழுபதுகளில் பணிபுரிந்த லாரி டெஸ்லர், ஒரே விசை நிலைக்கு நிலை வெவ்வேறு பொருள் தருவதுதான் கணினி உபயோகத்தின் பெருங்கேடு என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். நிலைகள் வேண்டாம் என்று பொருள்படும் 'நோ மோட்ஸ்' என்பதையே தம் காரின் எண் பலகையிலும் பொறித்துக்கொண்டார்.

எஃப்9 இன்னும் நுட்பமான உதாரணம். சாதாரண நிலையில் அது கணக்கை மறுபடி போடும் விசை, யாதொரு தீங்கும் இல்லாதது. கட்டத்தைத் திருத்தத் திறந்திருக்கும்போது அதையே அழுத்தி என்டர் தட்டினால், சூத்திரம் அழிந்து அதன் அன்றைய விடை மட்டும் வெற்று எண்ணாக நின்றுவிடும். இன்று பார்த்தால் எண் சரி. தணிக்கையாளர் பார்த்தாலும் சரி. அடுத்த மாதம் அகவிலைப்படி விகிதம் மாறும்போது எல்லாக் கட்டங்களும் மாற, இது ஒன்று மட்டும் மாறாமல் நிற்கும். அன்றைக்கு யார் விரலை, எந்த மாதத்து விரலை விசாரிப்பது?

5. வேகத்துக்காக என்றால், அபாயமும் அதே வேகத்தில் வந்துதான் தீர வேண்டுமா? முதல் ஐபிஎம் தனிநபர் கணினியை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவரான டேவிட் பிராட்லி, கணினியை மறுபடி தொடங்குவதற்கு ஒரு கூட்டு விசையை அமைத்தபோது, முதலில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் தேர்ந்தெடுத்தார். அம்மூன்றும் இடப்பக்கத்திலேயே இருந்தமையால் கை தற்செயலாகப் பட்டுக் கணினி மறுபடி தொடங்கிவிடக்கூடும் என்று கண்டபின், எஸ்கேப்பை விடுத்து வலக்கோடியிலுள்ள டிலீட்டைச் சேர்த்தார்; இரண்டு கைகளும் ஒத்துழைத்தாலன்றி அந்தக் கட்டளை நிறைவேறாதபடி செய்தார். அபாயமான காரியத்துக்குத் தூரமான விசை என்ற தத்துவம் இவ்விதம் தனிநபர் கணினியின் ஆரம்ப நாட்களிலேயே கண்டறியப்பட்டது. வேகத்தின் பெயரால் அதைத் துறந்தவர்கள் எந்த வேகத்தைக் காத்தார்கள்? வரிசையை நீக்குவதும் பத்தியை மறைப்பதும் நாளொன்றுக்கு எத்தனை தடவை செய்யும் காரியங்கள்? அம்புக்குறிக்கும் பிரதி எடுப்பதற்கும் வேகம் வேண்டும். அழிப்பதற்கு நிதானமே வேண்டும்.

6. பழக்கத்தை மாற்ற இயலாது என்கிறீர்களே, அது யாருடைய பழக்கம்? 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்கென உருவாக்கிய விசிகால்க், கட்டளைகளை அழைக்கச் சாய்கோட்டு விசையைப் பயன்படுத்தியது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 அதையே பின்பற்றியது. லோட்டஸ் வாடிக்கையாளர்களை ஈர்க்க எக்செல்லும் அதை ஏற்றது. லோட்டஸுக்கு அளித்துவந்த ஆதரவை ஐபிஎம் 2014-இல் நிறுத்திவிட்டது. ஆயினும் இன்றும் எக்செல்லின் வெற்றுக் கட்டத்தில் சாய்கோட்டைத் தட்டினால் சாய்கோடு விழாது. மேலுள்ள பட்டியல்களின் மேல் எழுத்துகள் மினுங்கும். இறந்துபோன ஒரு மென்பொருளின் பழக்கத்தை உயிரோடிருப்பவர்கள் சுமந்து திரிகிறார்கள். இதிலும் ஒரு வேடிக்கை: இந்தச் சாய்கோட்டு விசையை மாற்றவோ நீக்கவோ எக்செல்லின் அமைப்புகளில் இடம் உண்டு, கண்ட்ரோல் பூஜ்யத்தை மாற்ற விண்டோஸ் எக்செல்லின் அமைப்புகளில் இடமில்லை.

பெரும்பான்மையின் பழக்கத்தைக் கெடுக்க யாரும் கேட்கவில்லை. விரும்பாதவன் விலக்கிக்கொள்ள உரிமை கேட்கிறோம். அது இயலாத காரியம் என்ற வாதம் ஒரு கணமும் நிற்காது. அதே நிறுவனத்தின் வேர்டு மென்பொருளில் எந்தக் கட்டளைக்கும் எந்த விசையையும் நாமே வகுத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கருவிகள் பட்டியலுக்குள் அதற்கென ஒரு பகுதியே உண்டு. கூகுள் ஷீட்ஸ், பிற விரிதாள்களின் குறுக்கு விசைகள் வேண்டுமா வேண்டாமா என்று தெரிவு செய்யும் பொத்தானையே தந்திருக்கிறது. முறையிட்டால் எக்செல்லும் இளகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் கேளாமலே தேதிகளாக மாற்றிவந்தபோது, கவனமாக இருங்கள் என்றே விஞ்ஞானிகளுக்கும் உபதேசிக்கப்பட்டது. கடைசியில் 2020-இல் மனித மரபணுப் பெயரிடல் குழு அத்தகைய மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. 2023-இல் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அளித்தது. உபதேசத்தால் ஆகாதது ஒரு தெரிவுப் பெட்டியால் ஆயிற்று.

7. இந்தச் சித்தாந்தத்தின் பலன் என்ன என்று எப்போதாவது யோசித்ததுண்டா? கை தவறுவது கல்லாமையின் அடையாளம் என்று அலுவலகம் தீர்மானித்துவிட்டால், கை தவறியவர் அதைச் சொல்ல மாட்டார். பத்தி மறைந்ததைக் கண்டவர் தானே அந்த எண்களை வேறோரிடத்தில் மீண்டும் தட்டி வைப்பார். மறைந்ததும் புதியதும் சேர்ந்து மொத்தம் இரட்டிக்கும். சூத்திரம் போனதை உணர்ந்தவர் வாய் திறவாமல் எண்ணை மட்டும் சரிசெய்து வைப்பார். பழி எத்தனைக்கு எத்தனை கடுமையாகிறதோ அத்தனைக்கு அத்தனை பிழை ஆழத்தில் போய் ஒளிந்துகொள்ளும். கவனத்தை வளர்க்கவென்று ஏற்பட்ட சித்தாந்தம் ஒளிப்பதையே வளர்க்கிறது.

ஆகவே வேண்டுவது யாது? ஒவ்வொரு விசைக்கும் 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டியை வைப்பது பரிகாரமாகாது. பத்து தடவை கேட்கப்படும் கேள்விக்குப் பதினோராம் தடவை யாரும் படிக்காமலே ஆம் என்பார்கள். நிலை மாறினால் அந்த மாற்றம் கண் இருக்கும் கட்டத்திலேயே தெரிய வேண்டும். அழிக்கும் விசையும் மறைக்கும் விசையும் என்ன செய்தன என்பதை ஒரு வரியில் காட்டி, அந்த இடத்திலேயே மீட்கவும் வழி வைக்க வேண்டும். வேண்டாத விசையை அணைத்துவைக்கும் உரிமை உபயோகிப்பவருக்கு இருக்க வேண்டும். இவை மூன்றும் தயாரிப்பவர்களின் கடன்.

அதுவரை செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. அம்புக்குறி விபரீதமாக நடந்துகொண்டால் வேறெதையும் தட்டாமல் முதலில் எஸ்கேப் அழுத்துங்கள், எஃப்8-இன் பிடி விட்டுப்போகும்; அதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தித் திரை விசைப்பலகையை வரவழைத்து ஸ்க்ரோல் லாக்கை அணையுங்கள். மறைந்த பத்தியை மீட்க அதன் இருபுறத்துப் பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மவுஸின் வலப் பொத்தானை அழுத்தினால் வழி கிடைக்கும். சம்பளப் பட்டியல் போன்ற முக்கியமான ஷீட்டுகளில், எண் இடவேண்டிய கட்டங்களை மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பாதுகாப்பில் வைத்தால், வரிசை நீங்குவதும் பத்தி மறைவதும் சூத்திரம் அழிவதும் அங்கே நடவாது. மேக்ரோ எழுதத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், ஆன்கீ என்ற கட்டளையைக் கொண்டு கண்ட்ரோல் பூஜ்யத்தைச் செயலற்றதாக்கிவிடலாம். இவற்றில் எதுவும் மனப்பாடத்தை நம்பி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் மனிதன் தவறுவான் என்று ஒப்புக்கொண்டு அமைந்த ஏற்பாடுகள்.

மேலாளர்களுக்கு ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. எதிர்பாராத விசையால் கணக்கு கெட்டது என்று ஊழியர் வந்து சொன்னால், எந்த விசை, எந்த ஷீட், என்ன மாறியது என்ற மூன்று விவரங்களையும் குறித்துக்கொண்டு, அந்த ஷீட்டைப் பாதுகாப்பில் வைத்துவிட்டு, குறிப்பைத் தயாரிப்பாளருக்கும் ஒரு புகாராக அனுப்பட்டும். அப்படிச் செய்கிற அலுவலகத்தில் அந்தப் பிழை ஒருமுறையோடு நிற்கும். ஊழியரைக் கடிந்து அனுப்பிவிடுகிற அலுவலகத்திலோ அதே பிழை அடுத்த ஊழியரின் கையால் மறுபடியும் நடக்கும், அதுவும் யாருக்கும் தெரியாமல்.